கம்ப்ரஷன் ஷார்ட்ஸ்: ஜிம்மில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்ட கேள்விகள்

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு சின்ன ஜிம்மில் காலை பேட்ச்சைப் பார்த்துக்கொள்கிறேன். ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது) எப்படிப் போடுவது என்று எல்லார் முன்னாலும் சத்தமாகக் கேட்கிறவர்கள், ஷார்ட்ஸ் விஷயம் என்றால் மட்டும் "மாஸ்டர், ஒரு நிமிஷம் இப்படி வாங்க" என்று தண்ணீர் கேன் பக்கமாகக் கூட்டிப்போய்க் கிசுகிசுக்கிறார்கள். அதே பத்துப் பதினைந்து சந்தேகம், ஆள் மட்டும் வேறு. வாட்ஸப்பில் திரும்பத் திரும்பத் தட்டி அலுத்துவிட்டது, அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பெண்கள் பக்கத்துக் கேள்விகளை மாலை பேட்ச் எடுக்கும் அக்கா கேட்டு வாங்கிக் கொடுத்தார், பதிலும் பாதி அவருடையதுதான்.

மாஸ்டர், கம்ப்ரஷன் ஷார்ட்ஸ்னா இன்னா? சைக்கிள் ஓட்டுறவங்க போடுறாங்களே அதுவா?

பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் அது வேறு. சைக்கிள்காரர்கள் போடுவதில் உட்காரும் இடத்தில் பஞ்சு வைத்துத் தைத்திருப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டு ஸ்குவாட் உட்கார்ந்தால் இரண்டு தொடைக்கும் நடுவில் தலையணை வைத்த மாதிரி இருக்கும். ஜிம்முக்கு வாங்குவதில் பஞ்சு இருக்கக் கூடாது.

கம்ப்ரஷன் ஷார்ட்ஸ் என்பது இடுப்பிலிருந்து தொடை வரை உடம்போடு ஒட்டிப் பிடிக்கிற கால்சட்டை. நைலான் அல்லது பாலியஸ்டரோடு ஸ்பான்டெக்ஸ் கலந்த துணி. இழுத்தால் நீண்டு விட்டால் பழையபடி சுருங்குவது அந்த ஸ்பான்டெக்ஸால்தான். 1958ல் டூபான்ட் கம்பெனியில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்தது. கடையில் "லைக்ரா துணி சார்" என்கிறார்களே, அது அதே இழைக்கு வைத்த வியாபாரப் பெயர். இரண்டும் வேறு வேறு என்று நினைத்து யாராவது கூடுதல் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஜட்டி போதாதா? எங்க அப்பா லங்கோடு கட்டிக்கிட்டுதான் தண்டால் எடுத்தாரு.

லங்கோட்டைக் குறை சொல்ல மாட்டேன். பிடிக்க வேண்டியதை இறுக்கிப் பிடிக்கிற வேலையை அது நன்றாகவே செய்யும். ஆனால் தொடையை மூடாது. தொடையும் தொடையும் உரசுகிற உடம்பு என்றால், டிரெட்மில்லில் இருபது நிமிடம் ஓடிவிட்டு வீட்டுக்குப் போய்க் குளிக்கும்போது எரியும் பாருங்கள், அந்த எரிச்சலுக்குத்தான் இந்த ஷார்ட்ஸ். காட்டன் ஜட்டியில் இன்னொரு தொல்லை, வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே நிற்கும், ஓரம் சுருண்டு தொடையிடுக்கை அறுக்கும்.

சரி, ஒல்லியான உடம்பு, பெஞ்ச் பிரஸ்ஸும் பைசெப்ஸும்தான் போடுகிறீர்கள், உரசல் எதுவும் இல்லை என்றால் இது தேவையே இல்லை. எல்லாரும் போடுகிறார்கள் என்பதற்காக வாங்க வேண்டாம்.

இதைப் போட்டா வெயிட் கூடுதலா தூக்க முடியுமா?

முடியாது. அட்டையில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி. ஆராய்ச்சிகளில் ஓரளவுக்குத் தெரிவது, மறுநாள் வருகிற உடம்பு வலி சிலருக்குக் கொஞ்சம் குறைவாகத் தோன்றுகிறது என்பதுதான். பலம் கூடுவதாகச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. பவர்லிஃப்டிங்கில் சிலர் போடுகிற விறைப்பான ஸ்குவாட் சூட் தனி ரகம், அது உண்மையிலேயே கீழிருந்து எழ உதவும். அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

நம்ம சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014ல் கிளாஸ்கோவிலும் 2018ல் கோல்ட்கோஸ்ட்டிலும் 77 கிலோ பிரிவில் காமன்வெல்த் தங்கம் வாங்கினார். ஷார்ட்ஸ் தூக்கிக் கொடுத்த தங்கம் இல்லை அது. துணியின் வேலை உரசாமல் காப்பதும், ஆடாமல் பிடிப்பதும், நம் கவனம் கீழே போகாமல் பார்த்துக்கொள்வதும்தான். அதற்கே காசு தகும்.

நான் பேன்ட் 34 போடுறேன். அப்போ எல் சைஸ்தானே?

இங்கேதான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். பேன்ட் மேல் போட்டிருக்கும் நம்பர் உங்கள் உடம்பின் அளவு இல்லை. கம்பெனிக்கு ஒரு மாதிரி தாராளமாக வெட்டுவார்கள், அதோடு நாம் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிப் போடுகிறோம். 34 போடுகிற ஒரு பையனைத் தொப்புள் மட்டத்தில் அளந்தேன், 37 வந்தது. அவன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான், டேப் தப்பு என்றான்.

தையல்காரரிடம் இருக்கிற இன்ச் டேப் ஒன்று போதும். மூன்று இடம் அளக்க வேண்டும். தொப்புள் மட்டத்தில் இடுப்பு, வயிற்றை உள்ளே இழுக்காமல். பின்பக்கம் எங்கே அதிகம் புடைத்திருக்கிறதோ அந்த மட்டத்தில் சுற்றி ஒன்று. அப்புறம் தொடை, கவட்டைக்கு ஒரு அங்குலம் கீழே, காலைச் சாதாரணமாக ஊன்றி நின்றபடி. டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. காலையில் ஜிம்முக்கு முன்னால் அளப்பது நல்லது, கால் பயிற்சி முடிந்த கையோடு அளந்தால் தொடை கொஞ்சம் ஊதியிருக்கும். மூன்று எண்ணையும் போனில் எழுதி வைத்துக்கொண்டு, எந்தக் கம்பெனி வாங்குகிறீர்களோ அந்தக் கம்பெனியின் அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஒரு கம்பெனியின் எம், இன்னொரு கம்பெனியில் எல். எழுத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை.

மூன்று அளவும் ஒரே சைஸில் விழாமல் போவது சகஜம், ஸ்குவாட் நிறையப் போடுகிறவர்களுக்குத் தொடை ஒரு சைஸ் முன்னால் ஓடிவிடும். அப்படியானால் தொடை சொல்வதைக் கேளுங்கள். இடுப்பு கொஞ்சம் லூசானால் உள்ளே நாடா வைத்ததாகப் பார்த்து வாங்கி இழுத்துக் கட்டிக்கொள்ளலாம், தொடை இறுகினால் எதுவும் செய்ய முடியாது. பட்டியலில் தொடை அளவே போடாத கம்பெனியை நான் தொடுவதில்லை.

கடைல போட்டுப் பாக்க விட மாட்டேங்குறாங்க. சரியான சைஸ்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது?

விட மாட்டார்கள், உள்ளாடை மாதிரிதானே. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் திருப்பி எடுப்பார்களா என்று முதலிலேயே படித்துவிடுங்கள், உள்ளாடை வகையில் சேர்த்திருந்தால் பல இடங்களில் எடுப்பதில்லை. எடுப்பார்கள் என்றால் வீட்டில் ஜட்டிக்கு மேல் போட்டு, விலைச் சீட்டைக் கிழிக்காமல் சோதியுங்கள்.

போடும்போது கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தால் நல்லது, பேன்ட் மாதிரி வழுக்கிக்கொண்டு ஏறினால் பெரிது. ஏறிய பிறகு இடுப்புப் பட்டிக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். அப்புறம் பத்து முறை முழுசாக உட்கார்ந்து எழுந்திருங்கள். பின்பக்கம் பட்டி கீழே இறங்குகிறதா, கால் ஓரம் சுருண்டு மேலே ஏறுகிறதா, கவட்டையில் துணி மடிப்பு மடிப்பாக நிற்கிறதா என்று பாருங்கள். மடிப்பு விழுந்தால் பெரிது. கால் ஓரத்துக்குக் கீழே சதை பிதுங்கினால் சிறிது. கடைசியாக ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக் குனிந்து பாருங்கள், உள்ளே போட்டிருக்கும் ஜட்டியின் நிறம் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். இந்தச் சோதனையை வீட்டில் செய்யாதவர்கள் ஜிம்மில் எல்லாருக்கும் காட்டுகிறார்கள்.

கழட்டினா தொடைல கோடு விழுது. ரொம்ப டைட்டா?

சாக்ஸ் கழற்றினாலும் கோடு விழும். அரை மணி நேரத்தில் மறைந்தால் கவலை இல்லை. மூச்சு இழுக்கும்போது வயிற்றில் பிடித்தாலோ, காலில் எறும்பு ஊர்வது போல இருந்தாலோ, தொடை மரத்தாலோ டைட்தான், இன்னும் பத்து நாளில் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள். துவைத்துத் துவைத்துத் தளரும் என்று சொல்லி ஒரு சைஸ் குறைத்து வாங்குவது பழைய ஜீன்ஸ் கணக்கு. இங்கே செல்லாது.

நீளம் எவ்வளவு வாங்கலாம்?

கவட்டையிலிருந்து கால் ஓரம் வரை 5, 7, 9 அங்குலம் என்று பெரும்பாலும் வரும். தொடை உரசுகிற இடத்தைத் தாண்டி இரண்டு அங்குலமாவது துணி இறங்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. உரசுகிற இடத்திலேயே ஓரம் முடிந்தால் அந்தத் தையலே அறுக்கும். சராசரி உயரத்துக்கு 7 போதும். முட்டியைத் தொடுகிற மாதிரி வாங்கினால் உட்காரும்போது முட்டிக்குப் பின்னால் கசங்கிக்கொண்டு நிற்கும்.

தையல்ல பாக்க வேண்டியது எதாச்சும் இருக்கா?

உள்பக்கம் திருப்பி விரலால் தடவுங்கள். தையல் கயிறு மாதிரி எழும்பி நின்றால் வேண்டாம், தட்டையாகப் படுத்திருக்க வேண்டும். திருப்பூர்க்காரர்கள் ஃபிளாட்லாக் என்பார்கள். அடுத்தது கவட்டை. நாலு தையலும் ஒரே புள்ளியில் வந்து சேர்ந்தால் அங்கேதான் முதலில் பிரியும், அங்கேதான் உறுத்தும். தனியாக ஒரு துண்டு வைத்துத் தைத்திருந்தால் நல்ல வேலை. துணி விவரம் அச்சடித்த சீட்டில் ஸ்பான்டெக்ஸ் எவ்வளவு என்று பாருங்கள், 15லிருந்து 25 சதவீதம் இருந்தால் பிடிமானம் இருக்கும். "95 காட்டன், 5 லைக்ரா" என்று போட்டதும் கிடைக்கும், வீட்டில் போட்டுக்கொள்ள அருமையான துணி, ஜிம்முக்கு இல்லை.

நம்மூர் வெயிலுக்கு இதெல்லாம் ஆவுமா? கத்திரில செத்துடுவோம் மாஸ்டர்.

நியாயமான கேள்வி. வேலூரில் கோடையில் 40 டிகிரி தாண்டுவது புதிதில்லை, மலையும் பாறையும் சுற்றி நின்று இரவிலும் சூட்டைக் கக்குகிறது, பாதி ஜிம் தகர ஷீட் கூரையின் கீழ் ஓடுகிறது. குளிர் ஊர்க்காரர்களுக்குத் தைத்த தடித்த துணியை மே மாதம் இங்கே போடக் கூடாது. ஜி.எஸ்.எம். என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது. 180, 200 பக்கம் இருந்தால் நமக்குத் தாங்கும், அதற்கும் மேலே போகப் போகப் புழுங்கும். ரொம்ப மெல்லிசாகப் போனால் முன்னால் சொன்ன கண்ணாடிச் சோதனையில் தோற்றுவிடும்.

செயற்கை இழை சூடு என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் வியர்வையைத் தேக்காமல் சீக்கிரம் காய்வது காட்டனைவிட அதுதான். ஒரு மணி நேரத்துக்குப் பிரச்சினையே இல்லை, பிரச்சினை அதற்கப்புறம். ஒர்க்அவுட் முடித்து, டீக்கடையில் அரை மணி நேரம், அங்கிருந்து பைக்கில் காட்பாடி வரை போய் நண்பனைப் பார்த்துவிட்டு, மதியம் வீட்டுக்குப் போய்க் கழற்றுகிறார்கள். கழற்றிவிட்டுப் போய் டீ குடியுங்கள்.

தொடையிடுக்குல அரிப்பு, வட்டமா செவப்பா இருக்கு. ஷார்ட்ஸாலயா?

படர்தாமரையாக இருக்கலாம், பூஞ்சைத் தொற்று. ஷார்ட்ஸ் அதை உண்டாக்குவதில்லை, ஈரத்தோடு மணிக்கணக்கில் வைத்திருந்தால் அதற்கு வீடு கட்டிக் கொடுக்கிறது. மெடிக்கலில் போய் "அரிப்புக்கு ஒரு ட்யூப்" என்று வாங்காதீர்கள். அப்படி வாங்குகிற பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், இரண்டு நாள் அரிப்பு அடங்கும், உள்ளே பூஞ்சை பரவும், நிறுத்தியதும் இரண்டு மடங்காகத் திரும்பும். தோல் டாக்டரிடம் காட்டுங்கள், அவர் சொல்கிற நாள் முழுக்க மருந்து போடுங்கள்.

அதுவரை ஷார்ட்ஸுக்கு ஓய்வு. துண்டை யாரோடும் பகிராதீர்கள். ஒரே ஷார்ட்ஸைத் துவைக்காமல் இரண்டாம் நாள் போடாதீர்கள். வாரம் ஐந்து நாள் வருகிறவருக்கு மூன்று உருப்படி வேண்டும், விலை உயர்ந்தது ஒன்று வாங்குவதைவிட நடுத்தரமாக மூன்று வாங்கலாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

உள்ள ஜட்டி போடணுமா, வேணாமா?

வேண்டாம். உள்ளே காட்டன் ஜட்டி போட்டால் ஷார்ட்ஸ் வெளியே கடத்த வேண்டிய வியர்வை ஜட்டியிலேயே நின்றுவிடும், ஜட்டியின் எலாஸ்டிக் மேல் ஷார்ட்ஸ் அழுத்திக் கோடு போடும். அது இல்லாமல் மனசு ஒப்பவில்லை என்றால் தையல் எழும்பாத, சீக்கிரம் காயும் துணியில் ஒன்று போடுங்கள். ஷார்ட்ஸுக்கு மேலே லூசாக ஒரு டிரவுசர் போடுவது உங்கள் இஷ்டம், எங்கள் ஜிம்மில் முக்கால்வாசிப் பேர் போடுகிறார்கள்.

அக்கா, லேடீஸுக்கு எது பாத்து வாங்கணும்? பீரியட்ஸ் டைம்ல போடலாமா?

அக்கா சொன்னது: ஆண்கள் சைஸில் சின்னதாக ஒன்று எடுத்துப் போட்டுக்கொண்டால் பொருந்தாது, முன்பக்கம் பை மாதிரி வெட்டியிருப்பார்கள், இடுப்புக்கும் பின்பக்கத்துக்கும் உள்ள வித்தியாசமும் நமக்கு வேறு. தொப்புளை மூடுகிற உயரப் பட்டி வாங்கினால் குனியும்போது இறங்காது. முன்பக்கம் நடுவில் நேர்த் தையல் ஓடினால் துணி உள்ளே இழுத்துக்கொண்டு அசிங்கமாகத் தெரியும், அதற்கும் கவட்டைத் துண்டுதான் மருந்து. பிரசவத்துக்குப் பிறகு வருகிறவர்கள் பழைய அளவை நம்பாமல் புதிதாக அளக்க வேண்டும், ஆபரேஷன் ஆனவர்கள் தையல் தழும்பு மேல் பட்டி விழுமா என்று டாக்டரைக் கேட்டுக்கொண்டு வர வேண்டும்.

பீரியட்ஸில் தாராளமாகப் போடலாம். பேட் வைப்பவர்கள் உள்ளே பேன்டி போட்டுத்தான் ஆக வேண்டும், ஷார்ட்ஸ் துணியில் பேட் ஒட்டி நிற்காது. இறுக்கமாக இருப்பதால் பேட் நகராது, ஆனால் ஓரம் தொடையில் உரசும், அதனால் சீக்கிரம் மாற்ற வேண்டும். அடிவயிறு வலிக்கிற நாளில் உயரப் பட்டி சிலருக்கு இதம், சிலருக்கு எரிச்சல். உங்கள் வயிறு சொல்வதைக் கேளுங்கள்.

மூணே மாசத்துல தொளதொளன்னு ஆயிடுச்சு. ஏமாத்திட்டாங்களா?

முதலில் எப்படித் துவைத்தீர்கள் என்று சொல்லுங்கள். ஸ்பான்டெக்ஸுக்கு இரண்டு எதிரி, சூடும் குளோரினும். வெந்நீரில் ஊறவைத்து, பிளீச்சிங் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, மொட்டை மாடியில் நம்ம ஊர் மத்தியான வெயிலில் காயப்போட்டால் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் மூன்று மாதம்தான். பச்சைத் தண்ணீர், உள்பக்கம் வெளியே திருப்பி, கொஞ்சமாக சோப்பு, நிழலில் கொடி. வாசனைக்கு ஊற்றுகிற கண்டிஷனர் வேண்டாம், இழை மேல் படிந்து வியர்வையை உறிஞ்ச விடாது. இஸ்திரி போட்ட ஒருவரை எனக்குத் தெரியும், பெயர் சொல்லவில்லை.

இதெல்லாம் சரியாகச் செய்தும் தளர்ந்தால் துணி மட்டம். லோகோவைப் பார்த்து ஏமாந்திருக்கலாம், பெரிய பிராண்டின் சின்னத்தை ஒட்டிய போலிகள் நிறைய. நானே ஒரு முறை பாதி விலைக்கு வாங்கி, இரண்டாவது வாரம் லெக் பிரஸ்ஸில் உட்கார்ந்தபோது கவட்டை பிரிந்தது. மேலே டிரவுசர் இருந்ததால் மானம் தப்பியது.

எனக்குக் கல்யாணம் நிச்சயம் ஆயிருக்கு. இதப் போட்டா கொழந்தை பாக்கியத்துக்குப் பிரச்சினைன்னு ஃப்ரெண்ட் சொல்றான்.

நண்பன் முழுசாகப் பொய் சொல்லவில்லை. விரை உடம்புச் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருந்தால்தான் விந்தணு சரியாக உருவாகும், அதனால்தான் அது வெளியே தொங்குகிறது. 2018ல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 656 ஆண்களை வைத்துச் செய்த ஆய்வில், லூசான பாக்ஸர் போடுகிறவர்களுக்கு விந்தணு அடர்த்தி 25 சதவீதம் அதிகமாக இருந்தது. ஆனால் அது வழக்கமாக என்ன உள்ளாடை போடுகிறார்கள் என்று கேட்டுச் செய்த கணக்கு, ஒரு மணி நேர ஜிம்மைப் பற்றியது இல்லை.

ஜிம்மில் போடுங்கள், முடிந்ததும் கழற்றுங்கள், வீட்டில் லுங்கி கட்டுங்கள். குடியாத்தம் லுங்கி இருக்கும்போது நமக்கென்ன கவலை. ஆபீஸுக்கும் தூங்கவும் இதையே போடுகிற பழக்கம் இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

அடிவயித்துல ஒரு பக்கம் சின்னதா பொடப்பு. டைட்டா இத போட்டு அமுக்கினா சரியாயிடுமா?

ஆகாது. இருமும்போது புடைத்து, படுத்தால் உள்ளே போனால் அது குடலிறக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். தசையில் விழுந்த இடைவெளியைத் துணி தைக்காது. சப்போர்ட்டர் மாதிரி இதைப் போட்டு வலியை மறைத்துக்கொண்டு, தரையிலிருந்து எடை தூக்கும் டெட்லிஃப்ட் போடுவது ஆபத்து. எடையைக் கீழே வைத்துவிட்டு அறுவை சிகிச்சை டாக்டரைப் பாருங்கள். புடைப்பு உள்ளே போகாமல் கல் மாதிரி இறுகி, வலியும் வாந்தியும் வந்தால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது, உடனே எமர்ஜென்சி. சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு நாடு முழுக்க இருந்து ரயில் ஏறி காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள், நாம் ஷேர் ஆட்டோ தூரத்தில் இருந்துகொண்டு ஜிம் மாஸ்டரிடம் வைத்தியம் கேட்கிறோம்.

சைஸ் சரியாத்தான் இருக்கு, ஆனா தொடையோட வெளிப்பக்கம் மட்டும் மரத்துப்போவுது, சில சமயம் எரியுது. ஏன்?

இடுப்பெலும்பின் முன்பக்கம் வழியாகத் தொடையின் வெளிப்பக்கத் தோலுக்கு ஒரு நரம்பு இறங்குகிறது. அந்த இடத்தில் எதாவது இறுக்கினால் இப்படி மரக்கும், எரியும். தொடை அளவு சரியாக இருந்து பட்டி மட்டும் இறுக்கமாக இருக்கலாம், அல்லது ஷார்ட்ஸ் பட்டி மேல் வெயிட் லிஃப்டிங் பெல்ட்டையும் சேர்த்து இறுக்குகிறீர்கள். தொப்பை இருப்பவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் இது இன்னும் சுலபமாக வரும். இரண்டு வாரம் ஷார்ட்ஸை விட்டு, பெல்ட்டைக் கொஞ்சம் மேலே ஏற்றிக் கட்டிப் பாருங்கள், அதற்கும் போகவில்லை என்றால் டாக்டர்.

எங்கம்மாவுக்குக் கால்ல நரம்பு சுருட்டல். கோட்டை பக்கம் வாக்கிங் போறாங்க. இந்த ஷார்ட்ஸ வாங்கிக் குடுக்கலாமா?

நல்ல மனசு, தப்பான பொருள். சுருட்டல் இருப்பது முட்டிக்குக் கீழே, ஷார்ட்ஸ் பிடிப்பது முட்டிக்கு மேலே. மேலே மட்டும் இறுக்கினால் கீழே தேங்குகிற ரத்தத்துக்கு அது உதவாது. அவருக்கு வேண்டியது டாக்டர் எழுதித் தருகிற ஸ்டாக்கிங்ஸ், கணுக்காலில் அதிக இறுக்கமும் மேலே போகப் போகக் குறைவான இறுக்கமும் இருக்கும்படி செய்தது. அதில் 15-20, 20-30 என்று மில்லிமீட்டர் பாதரசக் கணக்கில் அழுத்தம் குறித்திருக்கும், ஜிம் ஷார்ட்ஸில் பெரும்பாலும் அப்படி எந்தக் கணக்கும் கிடையாது.

அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் நீங்களாகவே எதையும் வாங்காதீர்கள். காலுக்கு ரத்தம் போகும் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் இறுக்கமாக எதுவும் போடலாம், அடைப்பு இருக்கிற காலை இறுக்கினால் புண்ணாகும். டாக்டர் சரி என்று சொல்லி வாங்கினால், காலையில் எழுந்து நடமாடுவதற்கு முன், கால் வீங்காமல் இருக்கும்போதே படுக்கையில் உட்கார்ந்து மாட்டிவிடச் சொல்லுங்கள். முதல் சில நாள் நீங்களே மாட்டிவிட வேண்டியிருக்கும், அது நம் ஷார்ட்ஸைவிட மோசமாக மல்லுக்கு நிற்கும்.